ஆருக்குக் காட்டுகிறோம்? வன்னிக் கண்காட்சிகளில் நின்று கவனித்தவை

இலங்கையின் வடக்கில் இருக்கும் எங்கள் வன்னியில் மலை இல்லை. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று பெயரில் மலை உண்டுதான், ஆனால் அவை காட்டுக்குள் நிற்கும் பாறைக் குன்றுகள். மற்றபடி வயல், குளம், காடு, கடல். அப்படியிருந்தும் இங்கே எந்தப் பாடசாலைச் சித்திரக் கண்காட்சிக்குப் போனாலும் இரண்டு முக்கோண மலைகளுக்கு நடுவில் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். கீழே ஒரு ஆறு, ஒரு ஓட்டு வீடு, ஒரு தென்னை, நாலு பறவை. சித்திர ரீச்சர்மாரே இதைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். "குளத்தைக் கீறுங்கோ, குளக்கட்டைக் கீறுங்கோ என்று சொன்னாலும் மலைதான் வருது" என்று ஒரு ரீச்சர் என்னிடம் சொன்னார்.

கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்த மாணவர் கண்காட்சியில் அப்படியொரு படத்துக்கு முன்னால் ஒரு பாட்டி அசையாமல் நின்றார். பாரதிபுரம் பக்கத்திலிருந்து பேத்தியோடு வந்தவர். படம் பேத்தியுடையதுகூட இல்லை. "எங்க தோட்டத்துல இப்படித்தான் விடியும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு லயத்து வாசலில் நின்றால் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும், பனிக்குள் கொழுந்துக்கூடையோடு எப்படி ஏறுவார்கள், 77 கலவரத்தில் எதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் நின்றிருந்தார். அந்தப் பாட்டி இருக்கும் வீதியால்தான் பல வருடமாகச் சைக்கிளில் போய்வந்தவர். "அம்மா, நீங்கள் மலையகத்தில் எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

1958 இலும் 1977 இலும் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பிறகு, தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடியேறியவர்கள் ஏராளம். காடு வெட்டி, கூலி வேலை செய்து, கடைசிப் போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் எங்களோடு சேர்ந்து நடந்தவர்கள். ஆனாலும் கோயில் சபையிலும் ஊர்ச் சங்கத்திலும் அவர்களுக்கு இடம் கிடைப்பது இன்றைக்கும் லேசில்லை. கலியாணப் பேச்சு என்று வந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை பார்த்து வரைந்த மலைப் படம் அந்த இருவரையும் அரை மணித்தியாலம் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்தது. அதற்காகவாவது அந்த முக்கோண மலைகளை மன்னிக்கலாம்.

எனக்கு இந்தச் சின்னக் கண்காட்சிகளில் ஈடுபாடு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2009 இல் போர் முடிந்த பிறகு சில வருடங்கள் வன்னியே ஒரு காட்சிப்பொருளாக இருந்தது. கிளிநொச்சியில் போரின்போது சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியை அப்படியே விட்டுப் பலகை வைத்தார்கள். தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஏ9 வீதியோரத்தில் கொங்கிரீட் சதுரத்தில் எறிகணை துளைத்து, மேலே தாமரை பூத்த நினைவுச் சின்னம் எழுந்தது. ஊர்ச்சனம் அதைத் தாண்டிச் சந்தைக்குப் போகும். நின்று பார்த்த ஒரு ஊரவரை நான் கண்டதில்லை. செய்தியாளர்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வுக்கு வந்த மாணவர்கள் என்று பலரும் பார்த்தார்கள், எழுதினார்கள், போனார்கள். சிலர் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் பார்ப்பவர் எப்போதும் வெளியாள், பார்க்கப்படுவது எப்போதும் நாங்கள்.

அதனால் இப்போது ஒரு கண்காட்சிக்குள் நுழைந்தால், இது ஆருக்காக மாட்டப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கதிரைகள் மேடையைப் பார்த்து அடுக்கப்பட்டு, படங்கள் கதிரைகளின் முதுகுப் பக்கம் தொங்கினால் அது விருந்தினருக்கான நிகழ்ச்சி. படத்தின் கீழே பிள்ளையின் பெயரைவிட நிதி தந்தவர்களின் சின்னம் பெரிதாக இருந்தால் அது அறிக்கைக்கான நிகழ்ச்சி. படங்கள் வளர்ந்தவரின் கண்ணுக்கும் மேலே ஏறியிருந்தால், மாட்டியவர் பிள்ளைகளை நினைக்கவில்லை. தரையில் பாய் விரித்து இரண்டு கிழவிகள் உட்கார இடம் விட்டிருந்தால், அங்கே நான் கூட நேரம் நிற்பேன்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது, தொடக்க நாளைத் தவிர்த்துவிடுங்கள். பாண்ட் வாத்தியம், மாலை, மங்கள விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். பிரதம விருந்தினர் நாடா வெட்டி உள்ளே போவார், படப்பிடிப்பாளர்கள் பின்னால் நடப்பார்கள், பத்து நிமிடத்தில் சுற்றி வெளியே வருவார். வெயிலில் வரிசையாக நின்ற பிள்ளைகளுக்கு ஒரு பணிஸும் சோடாவும். அந்தக் கூட்டத்தில் ஒரு படத்தையும் பார்க்க முடியாது. இரண்டாம் நாள் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு போனால் மண்டபம் காலியாக இருக்கும். வாசலில் ஒரு ரீச்சரோ உயர்தர வகுப்புப் பிள்ளையோ அலுத்துப்போய் இருப்பார். எந்தப் படத்தை ஆர் கீறினது, அந்தப் பிள்ளை ஏன் எல்லா வீட்டுக்கும் கறுப்புக் கூரை போடுகிறது, எந்தப் படத்தை வேண்டாம் என்று எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்கள் எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. மேசைக்குக் கீழே வைத்ததைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காட்டுவார்கள். போட்டிக்குப் பொருந்தாதது, "சோகமாக இருக்கு" என்று தள்ளி வைத்தது, பிரச்சினை வரும் என்று பயந்தது என எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதும் நல்லது. நான் பெரியம்மாவைக் கூட்டிப்போவேன். அவருக்குப் படம் நல்லதா கூடாததா என்ற கவலை இல்லை. "உந்த வாய்க்கால் இப்படி வளையாது", "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கீற மறந்துபோச்சு பிள்ளை", "இரணைமடு வான்கதவு திறந்தால் தண்ணி இந்த நிறத்தில் வராது, செம்மண் கலர்" என்று குற்றம் பிடித்துக்கொண்டே வருவார். கீறிய பிள்ளை பக்கத்தில் நின்றால் முதலில் முகம் சுருங்கும், பிறகு கேள்வி கேட்கத் தொடங்கும். ஒருமுறை யாழ்ப்பாணத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த ஓவியர் ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனாக் கோடுகளால் வரைந்த வேலிகளைப் போனில் அவருக்குக் காட்டினேன். நான் பிரிவு, எல்லை, உரிமை என்று பெரிதாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று தான் வேலிக்கு நட்ட கதியால்களை, அந்த உயிர்க் கம்புகளை, வரிசையாகச் சொன்னார். முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வேலி இருந்த இடத்தைக் கதியால் தழைத்து மரமாகி நின்றதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்றும் சொன்னார். நான் சொல்ல வந்தது எல்லாம் அதற்குள் இருந்தது.

ஓவியத்தைவிடவும் சனத்தை இழுப்பது பழைய படக் கண்காட்சி. பாடசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக்கு ஒரு வகுப்பறையில் பழைய குழுப்படங்கள், பரிசளிப்பு விழாப் படங்கள், விளையாட்டுப் போட்டிப் படங்களைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். பெரும்பாலானவை வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பியவை. ஊரில் இருந்தவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தால் வந்தவர்கள் உடுத்த உடுப்போடு வந்தவர்கள். கலியாணப் படம், பிறந்தநாள் படம், இறந்தவரின் ஒரேயொரு படம் எல்லாம் பதுங்குகுழிகளிலும் பெட்டிகளிலும் போய்விட்டன. அதனால் அந்த வகுப்பறையில் நடந்தது சாதாரணமாகப் படம் பார்ப்பதல்ல. ஒரு அம்மா மூன்றாவது வரிசையில் இடமிருந்து நாலாவதாக நின்ற பெடியனைத் தொட்டு, "இது எங்கட சின்னவன். இவன்ர படம் வேற ஒன்றும் என்னட்டை இல்லை" என்றார். தடுப்பாரில்லை. போன் வைத்திருந்த பிள்ளை ஒன்று அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்து, ஸ்ரூடியோவில் கழுவிக் கொடுக்கலாம் என்றது.

அந்த நாளில் படித்துக்கொண்டது, பழைய படக் கண்காட்சி வைக்கிறவர்கள் மூன்று சாமான்கள் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது. ஸ்கேன் செய்யும் வசதி, பென்சில், வெறும் தாள் ஒட்டிய ஒரு பலகை. பெயர் தெரியாத முகங்களுக்கு இலக்கம் போட்டு அந்தப் பலகையில் விட்டால் வந்து போகிறவர்களே பெயரை நிரப்பிவிடுவார்கள். இரண்டு பேர் வேறுவேறு பெயர் எழுதிச் சண்டை பிடிப்பதும் நடக்கும். அது நல்ல சண்டை. படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை நாளாக முன்பக்கம் ஊறும்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 2004 இல், சமாதான காலத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு ஓவியர் தா. சனாதனன் நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து சனம் கொடுத்த அன்றாடப் பொருட்களைச் சேர்த்து ஒரு படைப்புச் செய்தார். அவர் பெயர் எங்கள் வகுப்பறைக்கு எட்டியிருக்காது. ஆனால் அந்தப் பாடசாலையில் யாரோ கொண்டுவந்து வைத்த துருப்பிடித்த மணியும், ஒரு பக்கம் எரிந்த வரவுப் பதிவேடும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

கருத்துப் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்று கோடு போட்ட புத்தகம் வைத்தால் வன்னியில் பாதிப்பேர் கையெழுத்துப் போடாமல் நழுவுவார்கள், மீதிப்பேர் "மிகவும் சிறப்பு" என்று எழுதுவார்கள். பெயரும் விபரமும் எழுதிக் கொடுத்தால் பிறகு வீட்டு வாசலில் யாரோ வந்து விசாரிப்பார்கள் என்ற பயம் இங்கே காரணமில்லாமல் வந்ததில்லை. ஒரு இடத்தில் பெயர் கேட்காமல் துண்டுத் தாளும் கயிறும் உடுப்புக் கவ்வியும் வைத்திருந்தார்கள். அங்கேதான் "எனக்கும் கீற விருப்பம், அம்மா விடமாட்டா" என்ற வரியையும், "ஏன் ஒரு படத்திலும் சக்கர நாற்காலி இல்லை" என்ற கேள்வியையும் வாசித்தேன். எறிகணையில் காலையும் முதுகுத்தண்டையும் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுவர்களில் எல்லாரும் இரண்டு காலில்தான் ஓடுகிறார்கள்.

சுவரில் ஆர் இல்லை என்று பார்ப்பது பிறகு எனக்குப் பழக்கமாகிவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் முல்லைத்தீவிலும் வாழ்ந்தவர்கள். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். எங்கள் "அன்றும் இன்றும்" வகைக் கண்காட்சிகளில் ஒரு பள்ளிவாசலை நான் இன்னும் காணவில்லை. எங்களைப் பார்த்துவிட்டுப் போனவர்களைக் குறைசொல்லும்போது, நாங்கள் ஆரைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்கத்தான் வேண்டும்.

இனிக் கைப்பணி. எந்தக் கண்காட்சியிலும் சட்டம் போட்ட படங்கள் சுவரில் இருக்கும், பெண்கள் பனையோலையில் இழைத்த கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் எல்லாம் மூலையில் ஒரு மேசையில் குவிந்திருக்கும். சுவரில் இருப்பதற்குப் பெயர் உண்டு. மேசையில் இருப்பதற்குச் சங்கத்தின் பெயர் மட்டும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து, நிறம் மாறாமல் மூலை திருப்புகிறவருக்குக் கணக்கும் கைப்பக்குவமும் வேண்டும். இழைத்தவரின் பெயரைக் கேளுங்கள். மேசையில் நிற்கும் அக்கா முதலில் "எங்கட சங்கம் செய்தது" என்பார். இரண்டாம் தரம் கேட்டால் பின்னால் நிற்கும் ஒருவரைக் காட்டுவார். வாங்குவதென்றால் சில்லறைக் காசோடு போங்கள், அங்கே ஆயிரம் ரூபாய்க்கு மிச்சம் இருக்காது. பேரம் பேசாதீர்கள். ஒரு பெட்டிக்குப் போன நாளையும் கூலி வேலைக்குப் போனால் வரும் நாட்சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது. ஒரே மாதிரிப் பத்துச் செய்து தரமுடியுமா என்று கேட்டு முன்பணம் கொடுத்தால் அதுதான் அவர்களுக்கு உண்மையான பாராட்டு.

கிளிநொச்சியில் மண்டபமும் நாடாவும் இல்லாத ஒரு காட்சியும் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். கொட்டகைக்குள் வரிசை வரிசையாகப் படங்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது, பாடசாலைச் சீருடையில் எடுத்தது. அதைக் கண்காட்சி என்று சொன்னால் அந்த அம்மாமார் கோபிக்கக்கூடும், கோபிப்பது நியாயம். நான் இங்கே சொல்வதற்குக் காரணம், படத்தின் முன்னால் எப்படி நிற்பது என்பதை அங்கேதான் கற்றேன். போனதும் போனைத் தூக்கக்கூடாது. முதலில் உட்கார வேண்டும். தேத்தண்ணி தருவார்கள், குடிக்க வேண்டும். அவர்களாகப் பிள்ளையின் பெயரைச் சொல்லும்வரை படத்தைச் சுட்டிக் கேட்கக்கூடாது. நிறையப் பேர் வந்து படம் எடுத்து, கண்ணீரை எடுத்து, போய்விட்டார்கள். அதைச் சொல்லும்போது ஒரு அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது.

2012, 2013 காலத்தில் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னின்று வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளைத் தொகுத்தபோது முல்லைத்தீவு, வவுனியாத் தாய்மாரும் கையால் கடிதம் எழுதினார்கள், நினைவிலிருந்து ஊர் வரைபடம் கீறினார்கள். அவை கொழும்பிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கொழும்பு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து ஊர்த் தாய் கீறிய வரைபடத்தை ஒட்டுசுட்டானில் இருக்கிறவரும் பார்க்க வேண்டும். வன்னியில் ஒரே நாளில் ஒரே பாதையால் ஓடி வந்தவர்கள்கூட ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார்கள். எல்லாருக்கும் நடந்ததுதானே, என்னத்தைச் சொல்ல, என்று விட்டுவிடுவார்கள். வரைபடம் ஒன்று சுவரில் இருந்தால் அதில் விரல் வைத்துப் பேச்சு தொடங்கும். "இந்த வாய்க்கால் இல்லை, இதற்கு அங்கால்" என்று யாராவது திருத்துவார்கள். பேச்சு அங்கிருந்து போகும்.

ஊரில் நீங்களே ஒன்று வைக்க நினைத்தால் முதலில் காலத்தைப் பாருங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, தாள் எல்லாம் ஈரம் குடித்துச் சுருளும். தை, மாசியில் நெல் வெட்டு, ஒருவரும் வரமாட்டார்கள். பங்குனிக்குப் பிறகு சரி, ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் நிற்க முடியாது, அதனால் பின்னேரம் ஆறு ஆறரை வரை திறந்து வையுங்கள். வயலுக்கும் கடைக்கும் போனவர்கள் அப்போதுதான் வருவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நோட்டீஸிலேயே போடுங்கள். சனசமூக நிலையச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் நைலோன் கயிறு இழுத்து உடுப்புக் கவ்வியால் தொங்கவிடலாம். கீழ் மூலைகளிலும் கவ்வி போடாவிட்டால் காற்றுக்குத் தாள் கிழியும். பிள்ளைகளின் படத்தைப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே தொங்கவிடுங்கள், பெரியவர்கள் கொஞ்சம் குனியட்டும்.

கண்காட்சி முடிந்த பிறகு படங்கள் எங்கே போகின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. பரிசு பெற்றவை மேலிடத்துக்குப் போகும், திரும்பி வராது. மற்றவை பாடசாலை அலுமாரியில் சுருட்டி வைக்கப்பட்டுக் கறையானுக்குப் போகும். ஏற்கெனவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கீறியதையும் திருப்பிக் கொடுக்காமல் விடுவது சரியில்லை. பின்பக்கம் பெயர், வகுப்பு, ஊர், வருடம் எழுதி, முடிந்த அன்றைக்கே பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். மேலிடத்துக்கு அனுப்புவதென்றால் முதலில் ஸ்கேன் செய்து ஒரு பிரதி வீட்டுக்கு. பிள்ளையின் படத்தை வாங்க விரும்பினால் பிள்ளையிடமே கேளுங்கள், அம்மாவிடமோ ரீச்சரிடமோ அல்ல. ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டேன். குளத்தில் தாமரையும் ஒரு சிறகிக் கூட்டமும் கீறியிருந்தது. தரமாட்டேன் என்றது. வேண்டுமென்றால் வேறொன்று கீறித் தரலாம், ஆனால் பச்சை முடிந்துவிட்டது, பஸ்ரல் பெட்டி ஒன்று வாங்கித் தந்தால் சரி என்றது. வாங்கிக் கொடுத்தேன். படம் இன்னும் வரவில்லை, ரீச்சரிடம் கேட்டால் "கீறிக்கொண்டிருக்கு" என்கிறார்.